பெயரை அழித்தோம், கட்டத்தை விட்டுவிட்டோம்

என் பழைய மேசையில் இப்போது இருக்கும் தர்சினி போன கிழமை தொலைபேசி எடுத்தாள். "லோஜி அக்கா, ஒரு சின்னக் கேள்வி. சாதகக் கட்டத்தை ஏன் அடையாள அட்டை நம்பரோட சேர்த்துப் பூட்டி வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறீங்கள்? பன்னிரண்டு வீடும் ஒன்பது கிரகமும்தானே, அதில என்ன ரகசியம்?"

எனக்கு இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஒற்றை வரியை எழுத நான் பட்ட பாடு அப்படி. தொலைபேசியில் சொன்னால் அவளுக்கு அரை நாள் வேலை கெடும், எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் எனக்கே கை பரபரக்கிறது.

நான் கொழும்பு, கொட்டாஞ்சேனைக்காரி. வெள்ளவத்தையில், காலிக்குப் போகும் பெருவீதியோரக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இருக்கும் திருமண சேவை நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்த்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களோ நான் கேட்ட கேள்விகளிலேயே படியிறங்கி ஓடிவிட்டார்கள். அதில் எனக்குத் துக்கமில்லை, அவர்களுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். கடைசி நான்கு வருடம் என் பதவியின் பெயர் தரவுப் பாதுகாப்பு அலுவலர். கலியாணத் தரகு நிலையத்தில் அப்படியொரு பதவியா என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். என் நெஞ்சு பறையடித்த மூன்று நாட்கள் அந்தப் பதவியில்தான் வந்தன.

அதற்கு முன், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், காணி உறுதிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் இரண்டு வருடம் தட்டச்சு செய்தேன். அங்கே கற்றது ஒன்றே ஒன்று: உறுதியில் வெறும் இடம் விடக்கூடாது. நிரப்ப எதுவும் இல்லையென்றால் கோடு போட்டு அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வேறொருவன் நிரப்புவான். அந்தப் பழக்கத்தோடுதான் வெள்ளவத்தைக்கு வந்தேன். படிவத்தில் ஓரிடம் வெறுமையாக இருந்தால் முத்திரை குத்த மாட்டேன். பஸ் தரிப்பிடம் வரை துரத்திப் போய் மாமாவின் தொழிலைக் கேட்டு எழுதி வந்திருக்கிறேன். நிலையத்தில் எனக்கு 'கோடு அக்கா' என்று பட்டப்பெயர்.

அந்தக் காலத்தில் காவல் சுலபம். எல்லாச் சாதகக் குறிப்புகளும் ஓர் இரும்பு அலுமாரியில், திறப்பு என் கைப்பையில். பக்கத்து வீட்டுப் பெண்ணின் குறிப்பை ஒருதரம் பார்க்க விடு என்று பலகாரப் பெட்டியோடு வந்தவர்களையும் வெறுங்கையோடுதான் அனுப்பினேன். பலகாரத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு கணினி வந்தது. அலுமாரி முழுவதையும் படமெடுத்து ஏற்றினோம். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் என்றானதும், லண்டனில் ஒரு கூட்டாளி நிறுவனம் வந்தது. எங்கள் பதிவுகள் அவர்களுடைய கைபேசிச் செயலியில் ஏறின. அவர்களுடைய இயந்திரங்களோ லண்டனிலும் இல்லை, மூன்றாவது நாடொன்றில் இருந்தன. அலுமாரி இருந்த இடத்தில் ஒரு மீன்தொட்டியை வைத்தார் முதலாளி.

தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரப்போகிறது என்றதும் முதலாளி பயந்துபோய்ச் சட்ட ஆலோசகர் ஒருவரைப் பிடித்து வந்தார். ரிஸ்மியா மெடம். புதுக்கடையில் கறுப்புக் கோட்டோடு நடந்தால் எழுதுவினைஞர்கள் வழிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வந்தவர் இஞ்சித் தேத்தண்ணீர் கேட்டார், கண்ணாடியைத் துடைத்தார், லண்டன் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வாசித்தார். ஏன் அப்படி என்று கேட்டேன். முன்னுக்கு இருப்பது நடக்க வேண்டும் என்று விரும்புகிற விஷயம், நடக்காவிட்டால் என்ன என்பது பின்னுக்குத்தான் இருக்கும் என்றார். பேனையால் ஒன்றும் எழுத மாட்டார், கூராக்கிய பென்சில் மட்டும். குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை.

எந்தத் தரவைக் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "லோஜினி, இது ராவைக்கு எங்க படுக்குது?"

விளங்காமல் முழித்தேன். பகலில் எல்லாத் தரவும் எங்கள் திரையில்தான் இருப்பதுபோலத் தெரியும், கணினியை மூடிய பிறகு அது எந்த நாட்டில் போய்ப் படுக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் அதற்குப் போர்வை என்று விளக்கினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது, உண்மையாகவே. இந்த வயதில் ஒரு புதிய கதவு திறக்கிறதே என்று சட்டத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கம் வைத்து வாசித்தேன். பஸ்ஸில் வாசித்து இறங்கும் இடத்தைத் தவறவிட்டு, இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன்.

லண்டனுக்குப் போகும் பதிவுகளிலிருந்து என்னென்ன நீக்க வேண்டும் என்ற விதியை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பெயர், தந்தை பெயர், முகவரி, தொலைபேசி, அடையாள அட்டை எண், பிறந்த திகதி, புகைப்படம் என்று ஏழு விபரங்களையும் நீக்கினேன். இவை கொழும்பில் மட்டும். அங்கே போவது பதிவு இலக்கம், வயது, படிப்பு, தொழில், இருக்கும் பகுதி, பிறகு கட்டம். கட்டம் இல்லாமல் எப்படிப் பொருத்தம் பார்ப்பது?

ரிஸ்மியா மெடம் பென்சிலால் அந்தக் கட்டத்தைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். அவருக்கு அது பழக்கமில்லாத பொருள். நான் சொன்னேன்: "அது ஒண்டுமில்லை மெடம். கிரகம் நிக்கிற படம்."

முப்பது வருடம் அந்தப் படத்தோடு குடும்பம் நடத்தியவள் சொன்னேன். தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்குத் தண்ணீர் தெரியாது என்பது என் விஷயத்தில் சரிதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நிரோஜா படியேறி வந்தார். (பெயரை மாற்றியிருக்கிறேன், தொழிற்புத்தி.) முப்பத்தைந்து வயது மதிக்கலாம், கையில் எங்கள் நிலையத்தின் கடித உறை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆரைக் கேட்டு என்னைப் போட்டனீங்கள்?"

பதிவைத் தேடி எடுத்தேன். தாய் வந்து பதிந்திருக்கிறார். எங்கள் ஆட்களிடம் இது புதிதா? பிள்ளைக்குத் தெரியாமல் தாய் தகப்பன் குறிப்புக் கொடுப்பதுதானே வழக்கம். படிவத்தில் ஓரிடமும் வெறுமையில்லை. தாயின் கையொப்பம், தாயின் அடையாள அட்டை எண், சாட்சி எல்லாம் இருந்தன. நிரோஜா கையெழுத்து வைப்பதற்குத்தான் அந்தப் படிவத்தில் இடமே இருக்கவில்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்தவளும் நான்தான்.

அவர் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். செயலி வழியாக ஒரு மாப்பிள்ளை விருப்பம் தெரிவித்தால் அவருடைய கட்டமும் கூடவே வரும், பெயர் வராது. அதை அச்சடித்துப் பெண்வீட்டுக்குக் கொடுப்போம். வெள்ளிக்கிழமை கனடாவிலிருந்து வந்த விருப்பம் அது. திங்கட்கிழமை தாய் வந்து வாங்கிப் போயிருந்தார்.

"இது அவற்ற குறிப்பு" என்றார் நிரோஜா. "எட்டில செவ்வாயும் சனியும். இந்தக் கட்டத்தை நான் மறப்பனா அக்கா? இதோட என்ர கட்டத்தைப் பொருத்தித்தான் என்னை அங்க அனுப்பினவை."

மெல்ல மெல்ல விஷயம் வந்தது. வேறொரு தரகர் மூலம் நடந்த கலியாணம். கனடாவில் அவனோடு மூன்று வருடம். இடது காதில் இப்போதும் கேட்காது. திரும்பி வந்து, புதுக்கடையில் வழக்குப் பேசி, விவாகரத்து வாங்கி, ஊரில் ஒருவருக்கும் சொல்லாமல் வெள்ளவத்தையில் தாயோடு இருக்கிறார். ஒரு ரியூஷன் வகுப்பில் கணிதம் படிப்பிக்கிறார். நீ உலகத்தில் எங்கே போனாலும் கண்டுபிடிப்பேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். விவாகரத்துக்குப் பிறகும் அவனிடம் அவருடைய கட்டம் இருக்கிறது. செயலியில் அந்தக் கட்டத்தைக் கண்டதும் விருப்பம் தெரிவித்திருக்கிறான்.

பெயரில்லாத இரண்டு கட்டங்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. என் ஏழு நீக்கங்களும் எங்கே போயின?

இனி நடக்கப்போவதுதான் பெரிய பயம். அந்தச் செயலியில் முதற்படியில் வயதும் நாடும், நட்சத்திரத்தோடு கட்டமும் மட்டும் தெரியும். விருப்பம் தெரிவித்து ஏழு நாள் போனால் இரண்டாம் படி தானாகத் திறக்கும்: தொழில், படிப்பு, இருக்கும் பகுதி. கணித ஆசிரியை, வெள்ளவத்தை. நாங்கள் மறுத்தாலும் பெயரையும் எண்ணையும் மட்டும்தான் தடுக்கலாம், இரண்டாம் படி அவர்களுடைய இயந்திரத்தின் வேலை. வெள்ளவத்தையில் கணிதம் படிப்பிக்கும் பெண்கள் எத்தனை பேர்? நாலு ரியூஷன் வாசலில் விசாரித்தால் போதும். வெள்ளிக்கிழமை அது திறக்கும். அன்று செவ்வாய்.

எங்கள் கணினியில் இருந்ததைப் பத்து நிமிடத்தில் அழித்தேன். லண்டனுக்கு மின்னஞ்சல் போட்டேன். ரிஸ்மியா மெடத்துக்கு நடந்ததைச் சொன்னேன், 'அது ஒண்டுமில்லை' என்று நான் சொன்னதையும் சேர்த்து. அவர் ஏசவில்லை. அது ஏசியதைவிட மோசமாக இருந்தது.

புதன்கிழமை பதில் வந்தது, மரியாதையான பதில். அழிக்கும் கடமை தனியாள் தரவுக்கு மட்டுமே உண்டு. இந்தப் பதிவில் ஒருவரை இனங்காட்டும் எதுவும் இல்லை, எல்லாவற்றையும் நீங்களே நீக்கித்தான் அனுப்பினீர்கள். இருப்பது ஒரு சோதிடப் படம். இன்னொரு உறுப்பினர்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டை ஆதாரமில்லாமல் ஏற்க முடியாது. வேண்டுமானால் விண்ணப்பியுங்கள், முப்பது நாளில் பரிசீலிப்போம்.

எங்கள் பிள்ளையின் பிறப்பு நேரம் எங்கள் கையில் இல்லை. எந்த நாடென்றே தெரியாத ஒரு குளிரூட்டிய அறையில் அது கிடக்கிறது, அதை எடுக்க நாங்கள் கெஞ்ச வேண்டியிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

எங்கள் சட்டத்தின் சில பகுதிகள் அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ஆகவே ரிஸ்மியா மெடம் ஒப்பந்தத்தை எடுத்தார். கடைசிப் பக்கம். பிறகு அதற்கு முந்தியது. மூன்றாவது பக்கத்தில் பென்சில் நின்றது. 'நியாயமான வழிகளால் ஒருவரை இனங்காண முடியுமாயின் அது தனியாள் தரவாகும்' என்று ஒரு வரைவிலக்கணம்.

"அவங்களுக்கு இது வெறும் படம்" என்றார். "லோஜினி, படம் இல்லண்டு ஒங்களால காட்ட ஏலுமா?"

கேட்டதும் என் மூளைக்குள் மின்சாரம் பாய்ந்தது. ஏலும் என்றேன். என் பின்னால் இருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தேன். நாற்பது வருடப் பஞ்சாங்கங்கள், தூசியோடு.

வியாழன் பின்னேரம் இரண்டரை மணிக்குக் காணொளிக் கூட்டம், லண்டனில் காலை பத்து. அந்தப் பக்கம் அவர்களுடைய சட்ட அலுவலர் ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, பக்கத்தில் கணினிப் பொறியியலாளர், பிரதீபன் என்ற எங்கள் தமிழ்ப் பையன். இந்தப் பக்கம் மெடம், நான், மீன்தொட்டி. நிரோஜா கமராவுக்குப் படாமல் சுவரோரம் இருந்தார்.

மெடம் இரண்டு நிமிடம்தான் பேசினார். உங்கள் ஆட்களில் யாருடையதாவது ஒரு கட்டத்தைக் காட்டுங்கள், பெயர் வேண்டாம், திகதி வேண்டாம், உங்கள் செயலியின் முதற்படியில் தெரிவது மட்டும். எங்கள் அலுவலர் அது யாருடைய பிறப்பு என்று சொல்லட்டும். ஹெலன் புன்னகைத்தார். பிரதீபன் தன் கைபேசியில் தேடி, ஒரு கட்டத்தைத் தாளில் வரைந்து, நட்சத்திரத்தையும் எழுதிக் கமராவுக்கு முன் பிடித்தார்.

சனியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆறுதலாக நடப்பவன், ஒரு ராசியில் இரண்டரை வருடம் இருப்பான், திரும்பிவர முப்பது வருடமாகும். தனுசில் நின்றான். பிரதீபனின் முகத்தைப் பார்த்தாலே அது அவருடைய கட்டம் என்று தெரிந்தது, தலையில் நரை இல்லாததால் எந்தச் சுற்று என்பதிலும் சந்தேகம் வரவில்லை. வியாழன் இடபத்தில், அவனுக்கு ராசிக்கு ஒரு வருடம். இரண்டு பேரையும் சேர்த்ததும் நாற்பது பஞ்சாங்கம் இரண்டாகச் சுருங்கியது. ராகு கும்பத்தில், சரி. சூரியன் துலாத்தில் இருந்தால் ஐப்பசி, ஆகவே இரண்டு பஞ்சாங்கம் ஒன்றானது. நட்சத்திரம் உத்திராடம். விரலை வைத்து இறங்கிக்கொண்டே போனேன்.

அங்கே ஒரு சிக்கல். அந்த ஐப்பசியில் உத்திராடம் இரண்டு தரம் வந்திருந்தது, மாதத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. சுவரோரம் நிரோஜா மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. சுக்கிரனைப் பார்த்தேன். கட்டத்தில் சிம்மத்தில் நிற்கிறான். மாத முடிவில் அவன் கன்னிக்குப் போய்விடுகிறான். அப்படியென்றால் முதலாவது நாள்தான். லக்கினம் கன்னி, ஐப்பசித் தொடக்கத்தில் அது சூரிய உதயத்துக்கு முன் வருவது.

(ஒருவரும் பஞ்சாங்கத்தோடு உட்கார வேண்டாம். இங்கே எழுதியது பிரதீபனின் கட்டமல்ல, மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

வருடத்தைச் சொன்னேன். ஐப்பசி இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை என்றேன். பிறந்தது இலங்கையில் என்றால், விடியப்புறம் நாலுக்கும் ஆறுக்கும் இடையில் என்றேன். பதினெட்டு நிமிடம் எடுத்திருந்தது.

பிரதீபன் தாளை மெதுவாகக் கீழே இறக்கினார். ஆங்கிலத்தை மறந்துவிட்டார். "நாலே முக்கால் எண்டு அம்மா சொன்னவா" என்றார்.

ஹெலன் அவரைப் பார்த்தார். சரியா என்று கேட்டார். தலையாட்டினார். பிறகு ஹெலன், திகதி ஒரு பெயராகாதே என்று ஒரு வழி தேடினார். மெடம் அதே சின்னக் குரலில் சொன்னார்: பிறந்த நாளும் நேரமும் ஒருவருக்குத் தெரிந்தால் பெயர் எதற்கு? இதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்ட வழி, புறக்கோட்டை நடைபாதையில் விற்கிற ஒரு புத்தகம். உங்கள் ஒப்பந்தம் சொல்லும் நியாயமான வழி இதைவிட வேறு என்ன?

ஹெலனைக் குறை சொல்ல மாட்டேன். விளங்கிய பிறகு ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. அழிக்கச் சொன்னார். நான் என் கைபேசியில் அந்தப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை புதுப்பித்தேன், இருந்தது. இரண்டாம் முறை, இருந்தது. மூன்றாம் முறை 'இந்தப் பதிவு காணப்படவில்லை' என்று வந்தது. நான் எழும்பி நின்று கைதட்டிவிட்டேன், வெட்கமில்லாமல். திரும்பிப் பார்த்தால் நிரோஜா சுவரோடு சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் வேலைமுறையையே மாற்றினோம். எங்கள் எல்லாக் கட்டங்களும் கொழும்புக்குத் திரும்பிவந்தன. இப்போது வெளிநாட்டுக் கட்டம்தான் இங்கே வருகிறது. பொருத்தத்தை இங்கேயே பார்த்து, பொருந்தும் அல்லது பொருந்தாது என்ற ஒரு சொல்லை மட்டும் கடல் தாண்டி அனுப்புகிறோம். படிவத்தில் பிள்ளையின் கையொப்பத்துக்கு முதலிடம். தாய்மார் என்னை ஏசிய ஏச்சு கொஞ்சமல்ல. மீன்தொட்டி இருந்த இடத்தில் சேவையகப் பெட்டி வந்தது. மீன்களை முதலாளி வீட்டுக்குக் கொண்டு போனார்.

இரண்டு கிழமை கழித்து வெளிநாட்டு எண்ணிலிருந்து ஓர் ஆண் அழைத்தான். ஒரு பதிவு இலக்கத்தைச் சொல்லி, அந்தப் பெண்ணின் விபரம் வேண்டும், நல்ல குடும்பம், அவசரம் என்றான். குரலில் அவ்வளவு மரியாதை. நிரோஜாவின் இலக்கம் அது. அப்படியொரு இலக்கம் எங்கள் பதிவில் இல்லை என்றேன். நல்லாகப் பாருங்கள் என்றான். பார்த்தேன், இல்லை. முப்பத்தொரு வருடத்தில் ஓர் உண்மையைச் சொல்லி அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

காப்புப் பிரதிகளும் அழிந்துவிட்டன என்ற கடிதம் லண்டனிலிருந்து ஒரு மாதத்தில் வந்தது. நிரோஜாவை வரச் சொல்லி அதைக் காட்டினேன். தாய் தந்திருந்த மூலக் குறிப்பையும் திருப்பிக் கொடுத்தேன். மஞ்சள் பூசிய ஓரத்தோடு ஒற்றைத் தாள். அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார்.

நான் மெடத்தைப்போல நினைத்துக்கொண்டு, "இனி இது உங்கட பைக்குள்ள மட்டும்தான் படுக்கும்" என்றேன்.

"அவரிட்டயும் ஒண்டு இருக்கு, அக்கா."

கடல் கடந்த இயந்திரங்களுக்குள்ளும் கையை நுழைத்து அழித்தோம். கனடாவில் ஒரு மேசை லாச்சிக்குள் கிடக்கும் தாளுக்கு எந்தச் சட்டத்தைக் கொண்டுபோவது?

"வச்சிருக்கட்டும்" என்றார் அவர். "அதை வச்சுத் தேடுறதுக்கு இனி நான் எங்கயும் இல்லை."

மூலப் பத்திரம் மீளப் பெற்றதற்கான படிவத்தை நீட்டினேன். பெயர் எழுதினார், கையெழுத்து வைத்தார், திகதி போட்டார். தற்போதைய முகவரி என்ற இடத்தில் பேனை நின்றது. வெள்ளவத்தையை விட்டு வேறெங்கோ போகிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்தார், கோடு அக்கா என்ற பட்டப்பெயர் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு, கோடும் போடாமல், முத்திரை குத்தினேன்.